முதுகுத் தசைகளை ஒருவழியாகப் படித்து முடித்த கதை

எம்.பி.பி.எஸ். முதல் வருட அனாட்டமியில் எங்கள் பேட்ச் முழுக்க மூளையை நினைத்துப் பயந்தது. என்னைப் படுத்தியது முதுகு. எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது, எந்த நரம்பு, என்ன வேலை என்று ஒவ்வொரு தசைக்கும் நான்கு கேள்வி. ராத்திரி பட்டியல் போட்டு உருப்போட்டால் காலையில் ராம்பாய்டு, லெவேட்டர் ஸ்கேபுலே என்ற இரண்டு தசைகளும் குழம்பிக் கிடக்கும்.

டிசெக்‌ஷன் டேபிளில்தான் வழி கிடைத்தது. கடாவரை, அதாவது பாடத்துக்கான சடலத்தை, குப்புறப் படுக்கவைத்து, தோலையும் கொழுப்பையும் விலக்கினால் முதலில் வருவது ட்ரபீசியஸ் தசை. பின்மண்டையில் தொடங்கி 12-ஆவது மார்பு முள்ளெலும்பு வரை பரந்து கிடக்கும். ஃபார்மலின் நெடியில் கண்ணில் நீர் வழிய, நடுக்கோட்டை ஒட்டி அறுத்து, தோள் பக்கமாகப் புரட்டினோம். அதன் அடிப்பரப்பில் மெல்லிய வெள்ளை நரம்பு ஒன்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்கியது. ஸ்பைனல் ஆக்ஸஸரி, 11-ஆவது கபால நரம்பு. கழுத்தின் பக்கவாட்டுத் தசையான ஸ்டெர்னோக்ளீடோமாஸ்டாய்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வருகிறது. கழுத்தும் முதுகும் எனக்கு ஒரே பாடமானது அப்போதுதான். அன்றிலிருந்து தசையை விட்டுவிட்டு நரம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படிப் பார்த்தால் முதுகில் இருப்பதெல்லாம் முதுகுக்குச் சொந்தமில்லை. கீழ்முதுகில் அகன்று கிடக்கும் லேட்டிசிமஸ் டார்சைக்குத் தொராக்கோடார்சல் நரம்பு, ராம்பாய்டுகளுக்கு டார்சல் ஸ்கேபுலர். இரண்டுமே கைக்குப் போகும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்ற நரம்புப் பின்னலிலிருந்து வருபவை. தோளையும் கையையும் அசைப்பதுதான் இந்தத் தசைகளின் வேலை. முதுகின் சொந்தக்காரர்கள் ஆழத்தில், முள்ளெலும்பை ஒட்டி இருக்கும் எரெக்டர் ஸ்பைனேயும் அதற்கு அடியில் உள்ளவையும். அவற்றுக்குத் தண்டுவட நரம்புகளின் பின்கிளை. இவ்வளவு பிடிபட்டால் பாதிப் பட்டியல் தேவையே இல்லை.

மீதியை ஹாஸ்டலில் எங்கள் உடம்பிலேயே பார்த்துக்கொண்டோம். முகத்தை இடப்பக்கம் திருப்பி, தாடையைக் கையால் தடுத்தால் வலப்பக்க ஸ்டெர்னோக்ளீடோமாஸ்டாய்டு புடைத்து நிற்கும். அக்குளின் பின்மடிப்பைப் பிடித்துக்கொண்டு இருமினால் லேட்டிசிமஸ் விரலுக்கடியில் சட்டென்று இறுகும். அறை முழுக்க ஆளாளுக்கு இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்து வார்டன் என்ன நினைத்தாரோ!

மார்புச் சுவர் அவ்வளவு சிரமமில்லை. பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டால் விரல்கள் எந்தப் பக்கம் சரிகின்றனவோ, அதுதான் விலா எலும்புகளுக்கு இடையில் வெளிப்பக்கம் உள்ள எக்ஸ்டர்னல் இன்டர்காஸ்டல் தசை நார்களின் சரிவு. இன்டர்னல் அதற்குக் குறுக்கே ஓடும்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதுகைத் தொடவே இல்லை. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுக்க ஊசியை விலா இடைவெளியில் எங்கே குத்துவாய் என்றார் எக்ஸாமினர். “கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டி, சார்.” ஏன்? “மேல் விலாவின் அடியில் உள்ள பள்ளத்தில் சிரை, தமனி, நரம்பு மூன்றும் ஓடுகின்றன.” எந்த வரிசையில்? “மேலிருந்து கீழே அதே வரிசைதான், சார்.” தலையாட்டிவிட்டு, எலும்புத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.