சுண்ணாம்புக்கல் 1.1 கெல்வினில் சிதைந்த கதை

கல்லூரிக்குள் நுழைவதற்கு முன் கடக்க வேண்டிய வேதியியல் தேர்வில் ஒருமுறை தோற்றவன் நான். மறுதேர்வுக்கு 19 நாட்கள் இருந்தன. வகுப்பு இல்லை, ஆசிரியரும் இல்லை. கையில் இருந்தவை ஓரம் மடங்கிய ஒரு பாடநூலும், ஐந்து நிறங்களில் கோடு போட்ட ஒரு குறிப்பேடும், வேதியியல் பக்கமே போகாத ஓர் அக்காவும்தான். இந்த மூன்றில் கடைசிவரை எதற்கும் உதவாமல் போனது அந்தக் குறிப்பேடு மட்டுமே.

முதல் நாள் என்ன செய்தேன் என்றால், எல்லோரும் செய்வதைச் செய்தேன். பாடநூலின் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன். அணு அமைப்பு, தெரியும். மோல் கருத்து, தெரியும். ஒரே மாலையில் மூன்று பாடங்கள் முடிந்துவிட்டன. எனக்கே ஆச்சரியம்: இவ்வளவு தெரிந்தவன் எப்படித் தோற்றேன்? இரவு படுக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, படித்த மூன்று பாடங்களில் நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தேன். தாளில் கால் பங்குகூட நிரம்பவில்லை.

மறுதேர்வு எழுதுபவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான். எதைத் திறந்தாலும் பார்த்த முகமாக இருக்கிறது. பார்த்த முகம் என்பதாலேயே பெயரும் தெரியும் என்று மனம் நம்பிவிடுகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததைப் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். எனக்கு அந்த ஆய்வு அப்போது தெரியாது. கால் பங்கு நிரம்பிய தாள்தான் சொல்லிக்கொடுத்தது.

ஆகவே இரண்டாம் நாள் பாடநூலை மூடிவிட்டு, தோற்ற தேர்வின் வினாத்தாளை எடுத்தேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பது உண்மை. ஒவ்வொரு கேள்விக்கும் அருகில் பென்சிலால் ஓர் எழுத்து: தெரியவே தெரியாது என்றால் 'தெ', தெரிந்தும் எழுத வரவில்லை என்றால் 'எ', எழுதியும் கணக்கிலோ அலகிலோ கோட்டை விட்டிருந்தால் 'க'. தாள் முழுக்க 'தெ' இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதிகம் இருந்தது 'க'. படிக்காததால் தோற்றதாக அதுவரை நினைத்திருந்த எனக்கு இது ஆறுதலா அவமானமா என்று தெரியவில்லை. ஆனால் 19 நாட்களில் சரிசெய்யக்கூடிய குறை அது.

அந்த 'க'க்களிலேயே மோசமானதைச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல்லின் முக்கியப் பொருளான கால்சியம் கார்பனேட் எந்த வெப்பநிலைக்கு மேல் தன்னிச்சையாகச் சிதையும் என்பது கேள்வி. என்தால்பி மாற்றம், அதாவது வினை உறிஞ்சும் வெப்பம், மோலுக்கு 178 கிலோஜூல். என்ட்ரோபி மாற்றம், அதாவது ஒழுங்கின்மையின் கூடுதல், கெல்வினுக்கு, மோலுக்கு 161 ஜூல். வினை தானாக நடக்குமா என்று காட்டும் கட்டிலா ஆற்றல் மாற்றத்தைப் பூஜ்ஜியமாக வைத்தால் வெப்பநிலை என்பது என்தால்பியை என்ட்ரோபியால் வகுத்தால் வருவது. சூத்திரம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். பிறகு 178-ஐ 161-ஆல் வகுத்து, விடை 1.1 கெல்வின் என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டேன்.

1.1 கெல்வின்! திரவ ஹீலியமே 4.2 கெல்வினில் கொதிக்கிறது. என் விடைப்படி, அதைவிடக் குளிர்ந்த இடத்தில்தான் சுண்ணாம்புக்கல்லைப் பத்திரமாக வைத்திருக்க முடியும். உலகத்தின் சுண்ணாம்புப் பாறைகள் எல்லாம் எப்போதோ பொடியாகியிருக்க வேண்டும். காளவாயில் நெருப்பு மூட்டுகிறவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. கிலோஜூலை ஜூலாக்கி 1,78,000-ஐ 161-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,106 கெல்வின், அதாவது 830 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல். ஆயிரம் மடங்கு தவறு.

அன்றிலிருந்து கணக்குகளுக்கு ஒரே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். எண்களைப் போடுவதற்கு முன் அலகுகளை மட்டும் ஒரு வரி எழுதுவது. விடை வந்ததும் 'இது நடக்கிற காரியமா?' என்று கேட்பது. வாயு மாறிலியை 8.314 என்று போட்டால் அழுத்தம் பாஸ்கலிலும் கன அளவு கன மீட்டரிலும் இருக்க வேண்டும், 0.0821 என்று போட்டால் வளிமண்டலத்திலும் லிட்டரிலும். எது எதோடு போகும் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். அலகை எழுதினாலே காட்டிக்கொடுத்துவிடும். தாங்கல் கரைசல் (பி.எச். எளிதில் மாறாத கரைசல்) கணக்கில், பின்னத்தில் உப்பு மேலேயா அமிலம் மேலேயா என்று எனக்கு எப்போதும் குழப்பம். அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்பு, அதாவது அதன் வலிமையைக் காட்டும் எண், 4.76. உப்பு அமிலத்தைப் போலப் பத்து மடங்கு இருந்தால், கரைசலின் அமிலத்தன்மை குறைய வேண்டும், பி.எச். ஏற வேண்டும். 5.76 வந்தால் சரி, 3.76 வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். சூத்திரம் மறந்தாலும் இந்தக் கேள்வி மறக்கவில்லை.

கரிம வேதியியலில் 'எ' அதிகம். வினைகளைப் பட்டியலாகப் படித்திருந்தேன். பட்டியலில் ஏழாவதாக இருப்பது தனியாக வந்து நின்றால் அடையாளம் தெரியவில்லை. அதனால் ஒரு பெரிய தாளின் நடுவில் எத்தனால் என்று எழுதி, அதிலிருந்து அம்புகள் வரைந்தேன். தயோனைல் குளோரைடு சேர்த்தால் எத்தில் குளோரைடு. அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்றால் எத்தனாயிக் அமிலம். அந்த அமிலத்தையே மறுபடி எத்தனாலோடு சேர்த்தால் எஸ்டர். அடர் கந்தக அமிலத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. 443 கெல்வினில் எத்தீன், 413 கெல்வினில் ஈதர். அதே பொருள், அதே அமிலம், 30 டிகிரி வித்தியாசம். எது எதற்கு?

இங்கேதான் அக்கா வந்தார். பாடநூலை அவர் கையில் கொடுத்து, நான் சொல்வது சரியா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவர் அதோடு நிற்கவில்லை.

"413-இல் ஈதர், சரி. ஏன்?"

"ஏன் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள், அக்கா."

"நான் கேட்கிறேன். நீ சொல்."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் தாளில் வரைந்து காட்ட ஆரம்பித்தேன். சூடு குறைவாக இருக்கும்போது இரண்டு எத்தனால் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு நீரை விடுகின்றன, ஒட்டிக்கொண்டு ஈதராகின்றன. சூடு ஏறினால் ஒவ்வொன்றும் தன் நீரைத் தானே விட்டுவிட்டு எத்தீனாகப் பறந்துவிடுகிறது. சொல்லி முடித்தபோது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு அந்த இரண்டு எண்களும் அதன்பின் மாறவே இல்லை.

அதன்பிறகு தினமும் இரவில் அரை மணி நேரம் அந்த 'ஏன்' விசாரணை நடந்தது. பென்சால்டிஹைடு ஏன் ஆல்டால் குறுக்கத்துக்கு (இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணையும் வினை) உட்படாமல் கான்னிசரோ வினைக்கு (ஒன்று ஆக்சிஜனேற்றமும் மற்றொன்று ஒடுக்கமும் அடையும் வினை) போகிறது? கார்பனைல் தொகுதிக்குப் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இல்லை, அதனால். அசிட்டால்டிஹைடுக்கு மூன்று இருக்கிறது, அதனால் அது ஆல்டாலுக்குப் போகிறது. நைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றல் (ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்) ஆக்சிஜனைவிட ஏன் அதிகம்? மூன்று பி ஆர்பிட்டால்களிலும் ஆளுக்கொரு எலக்ட்ரான். ஆக்சிஜனில் நான்காவது வந்து ஜோடி சேர்வதால் விலக்கு விசை. பாடம் தெரியாதவர் கேட்பதில் ஒரு வசதி உண்டு: தெரிந்தவரைப் போல அவர் பாதி பதிலுக்கே தலையாட்டிவிட மாட்டார்.

எல்லாவற்றையும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பத்தாம் நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, உலோகங்களைப் பிரித்தெடுக்கும் பாடத்தைக் கைவிட்டேன். தாதுக்களின் பெயர்கள் எனக்கு எப்போதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்குச் செலவாகும் மூன்று நாட்களில் மின்வேதியியலையும் வினைவேகவியலையும் உறுதிசெய்துவிடலாம். முதல் வகை வினையின் அரை ஆயுட்காலம் (பொருளில் பாதி தீரும் நேரம்) தொடக்கச் செறிவைச் சார்ந்ததல்ல, 0.693-ஐ வேக மாறிலியால் வகுத்தால் வந்துவிடும் என்ற ஒரே செய்தியைக் கொண்டு எத்தனை கேள்விகளைத் திறக்கலாம் என்று பார்த்தால், கைவிட்டது சரி என்றே இன்றும் தோன்றுகிறது. 19 நாட்கள் மட்டும் கையில் இருப்பவருக்கு முழுப் பாடத்திட்டம் என்பது ஓர் ஆசை, அவ்வளவுதான்.

கடைசி வாரத்தில் மூன்று முறை கடிகாரம் வைத்து முழுத் தாளையும் எழுதினேன். முதல் முறை நேரம் போதவில்லை. இரண்டாம் முறை நேரம் மிஞ்சியது, ஆனால் மூன்று 'க'. ஒவ்வொரு தவறையும் ஒரு தனித் தாளில் ஒரே வரியில் எழுதிச் சேர்த்தேன். தேர்வுக்கு முந்தைய இரவு நான் பார்த்தது அந்த ஒரு தாள் மட்டும். முதல் வரி 'கிலோஜூல்', இரண்டாவது 'கெல்வின் ஆக்கு, 273 கூட்டு', மூன்றாவது 'இரும்பு முதலில் 4எஸ் எலக்ட்ரானைத்தான் இழக்கும்'. விளக்கைப் பத்து மணிக்கே அணைத்துவிட்டேன். முதல் தேர்வுக்கு முந்தைய இரவு விடிய விடிய விழித்திருந்தவன், மறுநாள் நான்கை இரண்டால் வகுத்து எட்டு என்று எழுதியிருந்தேன். அதற்கும் ஒரு 'க' வாங்கியிருந்தது அந்த வினாத்தாள்.

தேர்வில் கட்டிலா ஆற்றல் கணக்கு வரத்தான் செய்தது, வேறொரு சேர்மத்தோடு. எண்களைத் தொடும் முன் ஓரத்தில் 1000 என்று எழுதி வட்டமிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். பிரித்தெடுத்தலிலிருந்தும் ஒரு கேள்வி வந்தது, அதுவும் கட்டாய வினாவாக. சல்ஃபைடு தாதுக்களுக்கு நுரை மிதப்பு முறை என்ற ஒரு வரி எங்கிருந்தோ நினைவுக்கு வந்தது. அதை மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.