ரட்சிப்பு நிச்சயமா இல்லையா?

ஒவ்வொரு வருஷமும் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துல "இன்னைக்கு ராத்திரி செத்தா எங்க போவீங்க"ன்னு கேட்டு, ரட்சிப்பு (பாவத்திலிருந்து மீட்பு) வேணும்னா கை தூக்கச் சொல்றாங்க, போன வருஷம் தூக்கின அதே ஆளுங்கதான் இந்த வருஷமும் தூக்குறாங்க. அப்போ போன வருஷம் கிடைச்சது என்னாச்சு பிரதர்?

1 யோவான் 5:13 தெளிவா இருக்கு, நித்தியஜீவன் உண்டுன்னு நீங்க தெரிஞ்சிக்கத்தான் எழுதுறேன்றார். உடனே ஒருத்தர் எபிரெயர் 6 எடுத்துட்டு வருவார், விசுவாசத்துக்கு வந்துட்டு அப்புறம் மறுதலிச்சுப் போனவங்க கதைன்னு. இந்தச் சண்டை புதுசு இல்ல. 1547ல ட்ரெண்ட் சங்கத்துல (கத்தோலிக்க ஆயர்கள் கூடின மாநாடு) கத்தோலிக்க சபை, கடவுள்கிட்டருந்து தனி வெளிப்பாடு இல்லாம யாரும் தான் கடைசிவரைக்கும் ரட்சிப்புல நிலைச்சிருப்பேன்னு தப்பே வராத அளவுக்கு நிச்சயமா சொல்ல முடியாதுன்னுச்சு. 1619ல நெதர்லாந்துல டார்ட் சபை மாநாட்டுல, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினோட வழிக்காரங்க நிச்சயமா முடியும்னாங்க, ஆனா அதே டார்ட்தான் விசுவாசிக்கும் சந்தேகம் வரும், எப்பவும் அந்த உறுதியை உணர மாட்டான்னும் சொல்லுச்சு (இதை மட்டும் நம்ம பிரசங்கியார்கள் வசதியா விட்டுடுவாங்க). மெத்தடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி இன்னும் சுவாரஸ்யம், 1738 மே 24 லண்டன்ல பாவம் மன்னிக்கப்பட்ட நிச்சயம் கிடைச்சுதுன்னு எழுதினவரு, அப்புறமும் கிருபையிலிருந்து விழ முடியும்னுதான் போதிச்சாரு, அதாவது இன்னைக்கு நிச்சயம், கடைசிவரைக்கும் கியாரண்டி இல்ல.

1947ல மெத்தடிஸ்ட், ஆங்கிலிக்கன், பிரஸ்பிடேரியன் எல்லாம் சேர்ந்துதானே நம்ம சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), அதான் ஒரே பெஞ்ச்ல மூணு பதில்.

என்னைக் கேட்டா நான், என் ஆடுகளை யாரும் என் கையிலிருந்து பறிக்க முடியாதுன்னு இயேசு சொல்ற யோவான் 10:28 பக்கம். பிடிச்சிருக்கறது அவர் கை, என் கை இல்ல. எபிரெயர் 6 இன்னும் உறுத்தத்தான் செய்யுது, கமெண்ட்ல வாங்க, சண்டை போடாம பேசலாம்.