தாது வருஷத்துக் கிரயம்

"பழைய பேப்பர்காரர் வாசலில் நிக்கிறார். எடுத்துக்கறியா, போட்டுடவா?" என்று அண்ணி போன் செய்தார். ராசிபுரம் பக்கம் இருக்கும் பெரியப்பா வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியிருந்தது. போடாதீங்க என்று சொல்லிவிட்டுச் சேலத்திலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

பெட்டிக்குள் கம்பியில் குத்திய கிஸ்தி ரசீதுகள், ஜாதகக் கட்டு, ரேஷன் கார்டுகள், நாலு மொய் நோட்டு. முதல் நாள் முழுக்க மொய் நோட்டிலேயே போய்விட்டது. பெரிய அத்தை கல்யாணத்தில் ஒருவர் 1-4-0 எழுதியிருக்கிறார், அதாவது ஒரு ரூபாய் நாலணா. சின்ன அத்தை கல்யாணத்தில் அதே ஆள் 1.25. நடுவில் 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. அணா போய்விட்டது, ஆனால் மனுஷர் ஒண்ணேகால் ரூபாயிலிருந்து இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் பெயர் ஒழுங்காக இருப்பது ரேஷன் கார்டில் மட்டும்தான்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணன் என்றைக்கோ லாமினேஷன் போட்டு வைத்திருக்கிறார். சூட்டில் தாள் பழுத்து, உள்ளே குமிழ் குமிழாக நிற்கிறது. பிரிக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். பழைய தாளுக்கு லாமினேஷனும் வேண்டாம், செல்லோடேப்பும் வேண்டாம். இதை நான் அண்ணனிடம் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

அடியில், நாலாக மடித்து ஒரு முத்திரைத்தாள். மடிப்புகளில் இராமபாணப் பூச்சி புகுந்து வரிவரியாகத் தின்றிருந்தது. இங்கிலீஷ் வருஷம் இருந்த இடத்தில் ஓட்டை. மிச்சம் இருந்தது "தாது ௵ மார்கழி ௴ ௰௨ ௳". ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௰௨ என்பது பன்னிரண்டு. ஆனால் தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வருமே. 1876 தாது, 1936-உம் தாது.

"முப்பத்தாறுதான். எங்கப்பா வாங்கினது" என்றார் பெரியப்பா.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1876 என்றால் தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்து, சென்னை மாகாணமே 1878 வரை பட்டினி கிடந்தது. அந்தப் பஞ்சத்தில் நம் வாசலில் கஞ்சி ஊற்றினார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லித்தான் வளர்த்தார்கள். இந்தத் தாளோ ஒரு கிரயப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் பெயர் சடையன். புஞ்சை மூன்று ஏக்கர் சொச்சம், பதினெட்டு ரூபாய்க்கும் இரண்டு மூட்டை கேழ்வரகுக்கும்.

எங்கள் கிழக்குக் காட்டுக்குச் சடையன் காடு என்று பெயர். சின்ன வயதில் சடையன் ஏதோ காவல் சாமி என்று நினைத்து, அந்தப் பக்கம் இருட்டின பிறகு போகமாட்டோம்.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே முத்திரையில் ராணி தலை. விக்டோரியா இறந்தது 1901-இல், 1936-இல் அந்தத் தலை வர வழியே இல்லை. ஆக 1876 டிசம்பர் கடைசி. அடுத்த மாதங்களில் சர்க்கார் நிவாரண வேலைக்குப் போன ஆணுக்குத் தினமும் ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும்தான் கூலி என்று குறைத்தார்கள். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட வராது. இரண்டு மூட்டை கேழ்வரகு அன்றைக்கு என்ன என்பதை அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கஞ்சி ஊற்றியதும் நிஜமாகவே இருக்கலாம். அதற்கு ஒரு தாளும் இல்லை, இதற்கு இருக்கிறது.

கீழே "சடையன்" என்றும் "கீறல்" என்றும் பத்திரம் எழுதியவரின் எழுத்து. கீறல் என்றால் கையெழுத்துப் போடத் தெரியாதவர் போடும் குறி. இரண்டுக்கும் நடுவே சடையன் போட்ட கோடு. பெருக்கல் குறி மாதிரி தொடங்கி, இரண்டாவது கோடு பாதியில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மை தடித்து, தாளையே அரித்திருக்கிறது.

எல்லாவற்றையும் திண்ணை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தேன். மாடிப்படிக்கு அடியில் ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து, மல் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். சடையன் தாளை மட்டும் மடிக்காமல் விரித்தபடி.

அன்று ராத்திரி பெரியப்பாவுக்குப் பத்திரம் முழுவதையும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பதினெட்டு ரூபாய் வந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"கிணத்துல பங்கு எழுதியிருக்குதா கண்ணு?"

"இருக்குது பெரியப்பா, நாலில் ஒண்ணு."

"சரி" என்று எழுந்து சாப்பிடப் போனார்.