மாநாடும் எங்கள் கடற்கரையும்

வேதாரண்யம் பக்கம் கடலோர காவல் குழுமத்தில் வேலை பார்த்தபோது, பாதுகாப்பு மாநாடு பற்றிப் பேப்பரில் வந்தால் நாங்கள் படிக்கவே மாட்டோம். சிங்கப்பூரில் 2002 முதல் நடக்கும் ஷாங்ரி-லா கூட்டமோ, இலங்கைக் கடற்படை 2010இல் காலி நகரத்தின் பெயரில் தொடங்கிய மாநாடோ, எல்லாம் கோட் போட்டவர்கள் கைகுலுக்கும் படம்தான். ஆறுகாட்டுத்துறையில் கஞ்சா மூட்டை பிடிபட்டால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு என்று கொழும்பு பாதுகாப்பு மாநாட்டைக் கவனித்த பிறகுதான் பிடிபட்டது. 2011இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு சேர்ந்து கடல் பாதுகாப்புக்காக ஆரம்பித்தது. நடுவில் சில வருடம் படுத்துவிட்டு 2020இல் மறுபடி எழுந்தது. அப்புறம் மொரீஷியஸும் வங்கதேசமும் சேர்ந்தன. அவர்கள் எடுத்துக்கொண்ட ஐந்து வேலைகளில் கடத்தல் தடுப்பும் ஒன்று. விளக்கில்லாமல் ஒரு ஃபைபர் படகு கிளம்பிவிட்டது என்றால், அந்தத் தகவல் அன்றைக்கு ராத்திரியே அக்கரைக்குப் போக வேண்டும். கடிதம் டெல்லி சுற்றிப் போவதற்குள் மூட்டை யாழ்ப்பாணத்தில் கைமாறிவிடும். மேலே இருப்பவர்கள் முகம் பார்த்துப் பழகியிருந்தால்தான் கீழே ஒருவர் தகவலை ஒருவர் நம்புவார்கள். மேடைப் பேச்சைவிட டீ இடைவேளைக்குத்தான் மதிப்பு என்பேன்.

இதை ஒருநாள் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். "சரி சார், அஞ்சு நாடு உக்காந்து பேசுனாங்க. எங்க படக இலங்கைக்காரங்க புடிச்சா அதுல யாரு பேசுவா?" என்றார்.

அந்த ஐந்து வேலைகளில் மீன்பிடிச் சண்டை தனியாக இல்லை. அதற்கு 2016இல் போட்ட இந்திய-இலங்கைக் கூட்டுக் குழு இருக்கிறது. பிரித்து வைத்தது ஒருவகையில் நல்லதுதான். இழுவைமடி, அதாவது கடலடியை வழித்து இழுக்கும் வலை, பற்றிய சண்டையைக் கொழும்பு மாநாட்டு மேசையில் வைத்தால் கடத்தல் பேச்சும் சேர்ந்து நின்றுபோகும். ஆனால் கடல் எல்லைக் கோட்டில் பதற்றம் மூள்வது பெரும்பாலும் மீனால்தான். ஆண்டுதோறும் இரு நாட்டுக் கடற்படை அதிகாரிகள் கோட்டருகே கப்பலிலேயே கூடிப் பேசுகிறார்கள். எனக்கு அதில்தான் கூடுதல் நம்பிக்கை.

2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகளே நேரில் உட்கார்ந்து பேசினார்கள். தீர்வு வரவில்லை. வடக்கு இலங்கை மீனவர்களும் தமிழர்கள்தான். இழுவைமடி தங்கள் கடலை வழித்துவிடுகிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஷாங்ரி-லா மாதிரி அந்தக் கூட்டத்துக்கும் வருடா வருடம் ஒரு தேதி குறித்திருக்கலாம்.