பாட்டு ஏத்தின கூலி

கோயம்புத்தூர் மாவட்டத்தில் சோமனூர் பக்கம் ஒரு செல்போன் கடையில் 2009-லிருந்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். ரீசார்ஜ், சார்ஜர், பழைய போனுக்குப் புது பேட்டரி என்று எல்லாம் விற்றாலும், கடை வாடகையைக் கட்டியது மெமரி கார்டில் பாட்டு ஏத்துகிற வேலைதான். இரண்டு ஜிபி கார்டு நிறைய ஏத்தினால் முப்பது ரூபாய். ஒரு பாட்டு நாலு எம்பி என்று வைத்தால் கிட்டத்தட்ட ஐந்நூறு பாட்டு. அதாவது பாட்டுக்கு ஆறு பைசா. இந்தக் கணக்கை அப்போது போட்டுப் பார்க்கவில்லை.

வருகிறவர்களில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். விசைத்தறிக் குடோனுக்குள் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசவே கத்த வேண்டும். அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று மூலையில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை அலற விட்டிருப்பார்கள். பன்னிரண்டு மணி நேர ராத்திரி ஷிப்டில் கண் சொக்காமல் இருக்கப் பாட்டு வேண்டும். டீ மாதிரி அதுவும் ஒரு தேவை. 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது தறிகள் பல மணி நேரம் நிற்கும். தறி நின்றால் எங்கள் கடை நிறையும். அப்புறம் டவுன் பஸ் டிரைவர்கள், கல்யாண சீசனில் மைக் செட்காரர்கள்.

கடையில் இருந்த பிராட்பேண்டின் வேகம் 256 கேபிபிஎஸ். ஒரு பாட்டு இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ராத்திரி கடை சாத்தும்போது வரிசையாகப் போட்டுவிட்டுப் போவேன். காலையில் வந்து பார்த்தால் பாதி இறங்கியிருக்கும், மீதி நடுவழியில் நின்றிருக்கும். புதுப் படத்தின் பாட்டு வெளியான அன்று மத்தியானத்துக்குள் எங்களிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

முதலாளிக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. "படம் மட்டும் ஏத்தீராத கண்ணு, பாட்டுன்னா ஒண்ணுமில்ல" என்பார். காரணம் இல்லாமல் இல்லை. 1982-ல் வந்த குண்டர் சட்டத்தில் 2004-ல் திருத்தம் செய்து வீடியோ திருட்டுக்காரர்களையும் சேர்த்திருந்தார்கள். பிடித்தால் குண்டாஸ் என்ற பேச்சு ஊர் முழுக்க இருந்தது. பாட்டுக்கு அப்படி யாரும் வந்து கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் நம் பேச்சிலேயே அந்த வித்தியாசம் இருக்கிறது. 'திருட்டு விசிடி' என்று ஒரு வார்த்தை உண்டு. 'திருட்டுப் பாட்டு' என்று யாரும் சொல்வதில்லை. பாட்டை ஏத்துவோம், லாரியில் துணிப் பேல் ஏத்துகிற மாதிரி. ஏத்துகிறவனுக்குக் கூலி உண்டு. பேலுக்குச் சொந்தக்காரர் யார் என்பது அவன் கவலை இல்லை.

ஒரு வைகாசி மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு பெரியவர் வந்தார். தோளில் துண்டு, கையில் மஞ்சப் பை. பேரனுடைய பழைய போன் ஒன்றை நீட்டினார்.

"ஏங்கண்ணு, அண்ணமார் கதை உடுக்கைப் பாட்டு இருக்குதா?"

பொன்னர் சங்கர் கதையை உடுக்கை அடித்துப் பாடுகிற எங்கள் பக்கத்துப் பாட்டு அது. இருந்தது. யாரோ கேசட்டிலிருந்து மாற்றியது, எட்டுத் துண்டு. பெயர்கூடக் கிடையாது, ட்ராக் 1, ட்ராக் 2 என்று எட்டு வரை. போட்டுக் காட்டினேன். இரைச்சலுக்கு நடுவே குரல் எழுந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடி மேசை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டு நின்றார். தட்டுவது உடுக்கைக்கு ஒரு நூல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அடுத்து வரப்போகும் அடி அவருக்குத் தெரிந்திருந்தது.

"இது நான் பாடுனது கண்ணு."

தொண்ணூறுகளில் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டுப் போய் இரண்டு ராத்திரி பாட வைத்தார்களாம். கையில் ஒரு தொகையும் ஐந்து கேசட்டும் கொடுத்தார்கள். அத்தோடு சரி. கேசட்டுகளைச் சொந்தக்காரர்கள் வாங்கிப் போனார்கள், கடைசி ஒன்று டேப்பில் சிக்கி அறுந்தது. தன் பாட்டு தன்னிடமே இல்லை.

"உங்களுக்கு இத ஆரு குடுத்தாங்க?"

"ஆரோ கார்டுல கொண்டாந்தாங்கய்யா. காப்பி பண்ணி வெச்சுக்கிட்டோம்."

"என்ற பேரக் காணமே."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எட்டையும் ஏத்திக் கொடுத்தேன். காசு வேண்டாமென்றேன். அவர் மூன்று பத்து ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்தார். "வேல செஞ்சீல்ல, கூலிய வாங்கிக்க." வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

கூலி என்ற வார்த்தைதான் மனசில் தைத்துவிட்டது. எங்கள் பக்கம் அது சாதாரண வார்த்தை இல்லை. ஜவுளிக்காரர் பாவும் நூலும் கொடுப்பார், கூலித்தறிக்காரர் நெய்து கொடுப்பார். துணி இவருடையது இல்லை, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லித்தான் தறிகளை வாரக்கணக்கில் நிறுத்துவார்கள். நானும் அந்தப் போராட்டங்களில் ஒரு பக்கம் நின்று பேசியவன். எங்கள் அப்பா தறிக்காரர். ஆனால் நெய்தவருக்குக் கூலியே போகாத ஒரு துணியை மீட்டர் மீட்டராக வெட்டி விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று கடையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியதே இல்லை.

நண்பர்களிடம் சொன்னால் வழக்கமான பதில்தான். காங்கேயம் காளையை அவிழ்த்துக்கொண்டு போனால் கட்டுத்தறி காலியாகும், பாட்டை எடுத்தால் பாட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறதே, இதில் எங்கே திருட்டு என்பார்கள். இன்னொருவர், கேசட் கம்பெனிக்காரர்கள் என்ன ஏழையா என்பார். முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. தறிக்காரர் ஐந்நூறு பாட்டுக்கு ஒரிஜினல் வாங்க வேண்டுமென்றால் நூறு சிடியாவது ஆகும். அவர் எந்தக் காலத்திலும் வாங்கியிருக்கப் போவதில்லை. அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என் சங்கதி வேறு. அவர் பாட்டுக்காகச் செலவு செய்யத் தயாராக வைத்திருந்த முப்பது ரூபாயை நான் வாங்கிக்கொண்டேன். அதில் ஒரு பைசாகூடப் பாடினவர் பக்கம் போகவில்லை.

சட்டத்தை ரொம்பப் பிறகுதான் படித்தேன். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவு. ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். பாட்டுன்னா ஒண்ணுமில்ல என்ற முதலாளி இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே கம்ப்யூட்டரை அணைத்திருப்பார். அதே பிரிவில், வியாபார லாபத்துக்காகச் செய்யாத குற்றமென்றால் காரணம் எழுதி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்றும் இருக்கிறது. ஆக, கேட்கிறவரையும் விற்கிறவரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டியதில்லை என்பது சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. 2012 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. சினிமாப் பாட்டை எழுதினவரும் இசையமைத்தவரும் ஒரே தொகைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாலும், தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு சம்பாதிப்பதில் அவர்களுக்கு ராயல்டி பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. நல்ல சட்டம். தொண்ணூறுகளில் இரண்டு ராத்திரி பாடிவிட்டு பஸ் ஏறின உடுக்கைக்காரருக்கு அதனால் ஒன்றுமில்லை. ஒலிப்பதிவின் உரிமை வெளியான வருடம் கழிந்து அறுபது வருடம் நிற்கும், அது கம்பெனியிடம் இருக்கும்.

2016-ல் ஜியோ வந்த பிறகு கார்டோடு கடைக்கு வருகிற கூட்டம் போய்விட்டது. இப்போது பாட்டுச் செயலிக்கு மாதக் காசு கட்டுகிறேன். கட்டாத மாதங்களும் உண்டு.

பெரியவர் வந்துபோன அன்று சாயங்காலம் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட்டேன். அந்த எட்டு ஃபைல்களுக்கும் அவர் பெயரையும் ஊரையும் அடித்து வைத்தேன். அவசரத்தில் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டது பிறகுதான் தெரிந்தது. வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு பல்லடம் பக்கத்திலிருந்து ஒருவர், நான் அதுவரை பார்த்திராதவர், கார்டில் வைரஸ் என்று வந்தார். உள்ளே பார்த்தால் அந்த எட்டுப் பாட்டும் பெயரோடு இருந்தது. விட்ட எழுத்து விட்டபடியே. எந்தக் கடையில் ஏத்தினாரோ, அந்தக் கடைக்கு யார் கொண்டுபோய்க் கொடுத்தார்களோ.

பிழையைத் திருத்தி, வைரஸை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் அவர் கேட்ட புதுப் பாட்டுகளை ஏத்திக் கொடுத்தேன். முப்பது ரூபாய் வாங்கினேன்.