அடுப்படிக்கும் வேண்டும் வார விடுமுறை

பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது 1890 ஜூன் 10-ஆம் தேதி. தொழிற்சங்க முன்னோடி நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருஷம் போராடி வாங்கிக் கொடுத்தது அது. 1942-ல் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வார விடுமுறைச் சட்டம் வந்தது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், நடுவில் ஒரு முழுநாள் விடுப்பு இல்லாமல் யாரையும் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 52-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. ஆக, ஓட்டல் மாஸ்டருக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. வீட்டில் சமைப்பவருக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது. போதாக்குறைக்கு, மற்ற எல்லாருக்கும் லீவான அந்த ஞாயிறுதான் அவருக்கு வாரத்திலேயே அதிக வேலை. காலையில் பூரி, மதியம் கறி, சாயங்காலம் பஜ்ஜி, நடுநடுவே காபி, கடைசியில் தொட்டி நிறையப் பாத்திரம்.

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும். இதில் ஒரு நாளைக் கழிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. கணக்கு நான்கு பேர் உள்ள வீட்டுக்கு.

முதலில் ஓய்வுநாளை எந்த நேரத்தில் தொடங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை என்று வைத்தால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு வழி பண்ண வேண்டும். இரவு எட்டு மணிக்கே திங்கட்கிழமை டிபன் பாக்ஸ் கவலையும் வந்து உட்கார்ந்துவிடும். யூதர்கள் ஓய்வுநாளை மாலையிலிருந்து மாலை வரை கணக்கிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே விளக்கேற்றி வேலையை நிறுத்துவது பரவலான வழக்கம். எருசலேமில் 40 நிமிடம் முன்பே. சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரிந்தால் முடிந்தது. மதத்தை விட்டுவிட்டு இந்த ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சனி இரவு 7 மணிக்குத் தொடங்கி ஞாயிறு இரவு 7 மணிக்கு முடித்தால், முழுதாக 24 மணி நேரம் கிடைக்கும். ஆனால் நடுவில் வருவது காலை, மதியம் என்று இரண்டே வேளை. சனி ராத்திரிச் சாப்பாடு 7 மணிக்குள் முடிந்திருக்கும். ஞாயிறு ராத்திரி தோசை ஊற்றும்போது ஓய்வு முடிந்திருக்கும். திங்கட்கிழமைக்கு வேண்டியதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

(எந்த வேலையும் செய்யக் கூடாதவர்கள் என்று பத்துக் கட்டளைகள் போடும் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, ஆடு மாடு, வந்து தங்கிய அந்நியன் வரை எல்லாரும் உண்டு. மனைவி என்று தனியாக இல்லை. அன்றைக்கே இப்படித்தான் போலிருக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காமல் முடியாது என்கிற வீடுகள் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சனிக்கிழமை சைவம் என்ற வழக்கம் இருந்தால் வெள்ளி இரவு முதல் சனி இரவு வரை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எப்படியும் எளிய சாப்பாடுதான். எந்தக் கிழமை என்பது பெரிய விஷயமில்லை, வாரா வாரம் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். "இந்த வாரம் புதன்கிழமை பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைத்தால் அந்தப் புதன் வராது.

என்ன சாப்பிடுவது என்பதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சமைக்க முடியாத நாளுக்கு என்ன எடுத்துவைப்பது என்பதை ரயில் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டியவர்கள் நமக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பொடி தடவிய இட்லி, புளியோதரை, பால் விட்டுப் பிசைந்த தயிர் சாதம். ஓய்வுநாள் சமையல் என்பது வீட்டுக்குள்ளேயே ஒரு கட்டுச்சோறு.

இட்லிக்கு 3 கப் இட்லி அரிசி, முக்கால் கப் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊறவைத்துச் சாயங்காலம் அரைத்தால் சனி காலை பொங்கியிருக்கும். உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு மணி நேரம் தாமதித்தாலும் ஞாயிறு இரவுத் தோசை புளிக்கும். சனி மாலை ஆறு மணிக்கு முப்பத்திரண்டு இட்லி ஊற்றினால் பாதி அன்றைய ராத்திரிக்கு, மீதி பதினாறு மறுநாள் காலைக்கு. மிஞ்சும் மாவில் ஞாயிறு இரவு ஒரு டஜன் தோசை வரும்.

பொடி தடவுவதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: இட்லியைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடிவிடுவது. ஆவி மூடியில் பட்டு நீராகி இட்லி மேல் சொட்டும், விடிவதற்குள் பிசுபிசுத்துவிடும். கால் மணி நேரம் தட்டில் ஆறவிட்டு, நான்கு மேசைக்கரண்டி மிளகாய்ப்பொடியை அதே அளவு நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவுங்கள். எண்ணெய்ப் பூச்சு இருக்கும்வரை இட்லி காய்ந்து விறைக்காது. காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், மத்தியானத்துக்கு இழுக்கக் கூடாது. சட்னி வேண்டாம். தேங்காய் சேர்ந்த எதுவும் இந்த 24 மணி நேரத்துக்கு ஆகாது. சட்னி, கூட்டு, குருமா எல்லாமே நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் ஊசிப்போகும்.

புளிக்காய்ச்சலைப் புதன்கிழமையே செய்துவைத்துவிடலாம். 400 கிராம் அரிசிச் சோற்றுக்கு 50 கிராம் புளி போதும். ஒன்றரை கப் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, எட்டு மிளகாய் வற்றல், பெருங்காயம், மஞ்சள் தாளித்துப் புளியை ஊற்றி, இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்கவிடுங்கள். இருபது நிமிடமாவது ஆகும். அதற்கு முன்னால் இறக்கினால் நீர்ச்சத்து நின்று பூஞ்சை பிடிக்கும். ஆறிய பிறகு மூடுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். வேர்க்கடலையைத் தனியாக வறுத்து வையுங்கள். முன்கூட்டியே கலந்தால் நமுத்துப்போகும்.

சோறுதான் இருப்பதிலேயே கவனம் வேண்டிய பொருள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கும். சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. புளியோதரை தாங்குவதற்குக் காரணம் புளிப்பு. வெறும் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே மிச்சச் சோற்றைக் குக்கரிலேயே மூடி வைக்காமல், அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதைவிட எளிது, ஞாயிறு மதியச் சோற்றை வீட்டில் வேறு யாராவது வைப்பது. மின்சாரக் குக்கரில் இரண்டு கப் அரிசி, நான்கு கப் தண்ணீர், ஒரு சுவிட்ச். பதினைந்து வயதுப் பையனுக்கு இது தெரியாது என்றால் அதுவே இந்த ஓய்வுநாளைத் தொடங்கப் போதுமான காரணம்.

தயிர் சாதத்துக்கு, வெதுவெதுப்பான குழைந்த சோறு மூன்று கப்புக்கு இரண்டு கப் காய்ச்சிய பால், ஒரு மேசைக்கரண்டி தயிர். பிசைந்து, பால் உறைந்து தயிரானதும் ஃப்ரிட்ஜில். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் எடுத்து, இறுகியிருந்தால் கொஞ்சம் பால் விடுங்கள். மீன் சாப்பிடும் வீடுகளில் சனி மதியம் தேங்காய் சேர்க்காமல் புளிக்குழம்பாக வைத்தால் ஞாயிறு மதியத்துக்கு இன்னும் ருசிக்கும். முதல் நாள் மீன் குழம்பின் அருமையைச் சொல்லியா தெரிய வேண்டும்? ராத்திரி ஃப்ரிட்ஜில், மறுநாள் நன்றாகக் கொதிக்கும் வரை ஒரே ஒரு தடவை சூடு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சோறு சோறாகக் கொடுத்தால் ஆகாது. 150 கிராம் கொண்டைக்கடலையை வெள்ளி இரவு ஊறவைத்து, சனியன்று வேகவைத்து, தேங்காய் போடாமல் தாளித்து வைத்துவிட்டால் சோற்றின் அளவைப் பாதியாகக் குறைக்கலாம்.

முதல் நான்கு வாரம் இதே மெனுவை மாற்றாதீர்கள். "போர் அடிக்குது" என்று யாராவது சொன்னால், அவர் அடுத்த வாரம் செய்யட்டும்.

இது பெரும்பாலும் உடைவது சனிக்கிழமையில்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை அத்தனையும் சனிக்கிழமை தலையில் இறங்கினால் அது ஓய்வே இல்லை, வேலையை இடம் மாற்றியதுதான். ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: சனிக்கிழமை வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடக் கூடாது. கூடினால் மெனு பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். புளிக்காய்ச்சல் புதன், மிளகாய்ப்பொடி வியாழன், மாவு வெள்ளி என்று பிரிப்பது இதற்காகத்தான். துணியும் அப்படியே. சீருடைகள் வெள்ளிக்கிழமை மெஷினில் போட்டுச் சனி காலை இஸ்திரிக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு யாராவது "வெள்ளை சாக்ஸ் எங்கே" என்பார்கள்.

இரண்டாவது, காபி. "ஒரே ஒரு காபி" என்பதற்கு எழுந்தால் கூடவே ஒரு டம்ளர், ஒரு வடிகட்டி, பால் பாத்திரம், அடுப்பு மேடை துடைப்பு. சனி மாலையே பெரிய ஃபில்டரில் ஆறு குவியல் மேசைக்கரண்டி பொடி போட்டு 300 மில்லி கொதிநீர் ஊற்றினால், நான்கு பேருக்கு இரண்டு வேளைக்கு ஓரளவு டிகாக்‌ஷன் இறங்கும். அதை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். பால் காய்ச்சுவது குடிப்பவர் பாடு.

மூன்றாவது, கேள்விகள். உட்கார்ந்தே இருந்தாலும் "ஊறுகாய் எந்த ஷெல்ஃப்", "இதைச் சூடு பண்ணவா" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பதில் சொன்னால் தலைக்குள் அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஓய்வைப் பற்றி ஆராயும் உளவியலாளர்கள் வேலையிலிருந்து மனம் விலகுவதை முக்கியமாகச் சொல்கிறார்கள். உடம்பு ஓய்ந்து மனம் டியூட்டியில் இருந்தால் களைப்பு போவதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். எந்த டப்பாவில் என்ன, எந்த வேளைக்கு, எதைச் சூடு பண்ணலாம், எதைப் பண்ணக் கூடாது. முதல் ஞாயிறு சீட்டைப் படிக்காமல் கேட்பார்கள். சீட்டைக் கைகாட்டினால் போதும்.

பாத்திரத்துக்கு வாழை இலையை மிஞ்சிய உபாயம் இல்லை. நான்கு இலை வாங்கிவிட்டால் மதியம் தட்டு கிடையாது. காலைத் தட்டை அவரவர் கழுவி வைக்க வேண்டும். ஓட்டல் பார்சல் மாதம் ஒரு தடவை சரி. வாரா வாரம் என்றால் காசு ஒரு பக்கம், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு ஆர்டர் போடுவதும் பெரும்பாலும் அதே ஆளின் தலையில்தான் விழுகிறது.

லாபம் என்ன என்றால், கேஸ் மிச்சம் என்று சொல்ல மாட்டேன். அது சனிக்கிழமை எரிந்துவிடுகிறது. குதிகாலுக்கு ஒரு நாள் தரையிலிருந்து விடுதலை, அது மிச்சம். பாத்திர சோப்பிலும் தண்ணீரிலும் நாளெல்லாம் நனையும் கைக்கு ஒரு நாள் ஈரமில்லாமல் இருக்கக் கிடைக்கிறது. நகக்கண் வெடிப்பு உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும். அன்றைக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால், தடவியது கையிலேயே நிற்கும். எல்லாவற்றையும்விட, "இன்னைக்கு என்ன சமைக்கிறது" என்ற கேள்வி ஒரு நாள் எழாமல் இருக்கிறது. சமைப்பவர்களைக் கேட்டால் சமைப்பதைவிட இந்தக் கேள்விதான் பாரம் என்பார்கள். இன்னொன்று, வாரத்தில் ஒரு நாள் ஃப்ரிட்ஜைக் காலி செய்து திட்டமிடுவதால் அடித்தட்டில் வாடிக் கிடக்கும் முள்ளங்கியும் மறந்துபோன அரை மூடித் தேங்காயும் வெள்ளிக்கிழமையே கண்ணில் பட்டுவிடுகின்றன.

கைக்குழந்தையின் பால், படுத்திருக்கும் பெரியவருக்குக் கஞ்சி, வேளைக்கு மருந்து இவற்றுக்கெல்லாம் லீவு இல்லை. ஆனால் வேறு கை உண்டு. அந்த நாளில் யார் எதைப் பார்ப்பது என்று சனிக்கிழமையே பெயர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று பொதுவாக விட்டால் யார் தலையில் விழும் என்பது தெரிந்ததுதான். விருந்தாளி திடீரென்று வந்தால் புளியோதரை போடுங்கள். அதை வேண்டாம் என்று சொன்ன விருந்தாளி அபூர்வம்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் இதே நாளில் லீவு கொடுங்கள். வீட்டுப் பணியாளர்களுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சம்பளத்தைப் பிடிக்காமல், திங்கட்கிழமை இரண்டு நாள் பாத்திரத்தைக் குவித்துவைக்காமல் கொடுத்தால்தான் அது லீவு. ஞாயிறு இரவு 7 மணிக்கு மேல் தோசைக்கல்லோடு சேர்த்து மிச்சத்தையும் யாராவது இரண்டு பேர் கழுவிப் போட்டால் அரை மணி நேர வேலை.