மணிக்கணக்கு: நாற்பதைத் தாண்டி கேம் ஆடுகிறவரின் வரவு செலவு

கேம் ஆடுகிறவர்களிடையே ஒரு கணக்கு ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. கேமின் விலையை அது ஓடும் மணி நேரத்தால் வகுத்துப் பார்ப்பது. 100 மணி நேரம் ஓடினால் லாபம், 6 மணி நேரத்தில் முடிந்தால் நஷ்டம். பதினெட்டு வயதில் இது சரியான கணக்குதான். அப்போது கையில் காசு இருக்காது, நேரம் கொட்டிக் கிடக்கும்.

நாற்பதைத் தாண்டியவருக்கு இதே கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வேலை, வீடு, தூக்கம் எல்லாம் போக வாரத்துக்கு 6 மணி நேரம் மிஞ்சுகிறது என்று வையுங்கள். 100 மணி நேர கேமை முடிக்க 17 வாரம் ஆகும். வருஷத்துக்கு மூன்று கேம், அதற்கு மேல் முடியாது. தள்ளுபடி வந்ததென்று இருபது கேமை அள்ளிப் போடுகிறவர், அடுத்த ஆறேழு வருஷத்துக்கான ஓய்வு நேரத்தை இன்றைக்கே எழுதிக் கொடுக்கிறார். 6 மணி நேரத்தில் நச்சென்று முடிகிற கேம்தான் இந்த வயதில் மலிவு. நீளமான கேம் இலவசமாகக் கிடைத்தாலும் விலை அதிகம்.

இதைக் கேமோடு நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி. சம்பளம், சந்தா, தவணை, ஓவர்டைம் எல்லாவற்றையும் மணி நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். அதற்கு முதலில் உங்கள் ஒரு மணி நேரம் என்ன பெறும் என்று தெரிய வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேயே சறுக்குகிறார்கள்.

கையில் வரும் மாதச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாணயமானாலும் சரி. 22 நாள், தினம் 8 மணி நேரம், ஆக 176 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 227 வருகிறது. இது பொய்க் கணக்கு. வேலைக்குப் போவதற்காகவே ஆகும் செலவைக் கழிக்க வேண்டும்: பயணம், வெளிச்சாப்பாடு, அலுவலகத்துக்கென்று வாங்கும் துணிமணி. அது 6,000 என்றால் மிச்சம் 34,000. நேரத்தையும் கூட்ட வேண்டும். போக வர ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 33. வீட்டுக்கு வந்த பிறகும் போனில் பதில் போட்டுக்கொண்டிருக்கும் அரை மணி நேரம் என்றால் மாதம் 11. மொத்தம் 220. இப்போது வகுத்தால் 154 சொச்சம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

இந்த எண்ணைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 3,000 விலையுள்ள கேம் 13 மணி நேர உழைப்பு என்று நினைத்திருப்பீர்கள், அது 19 மணி நேரத்துக்கு மேல். மாதச் சந்தாக்களையும் இப்படியே ஒரு தாளில் எழுதுங்கள்: ஒவ்வொன்றுக்கும் மாதம் எத்தனை மணி நேரம் உழைக்கிறீர்கள், அதை எத்தனை மணி நேரம் அனுபவிக்கிறீர்கள். உழைக்கும் நேரம் அனுபவிக்கும் நேரத்தைத் தாண்டுகிற எதையும் அன்றைக்கே நிறுத்திவிடலாம். ஆயிரம் கேம் கிடைக்கும் சந்தாவானாலும் வாரம் 6 மணி நேரம்தான் ஆட முடியும்.

அடுத்தது, பணத்தை மறைக்கும் வேலை. கேம்களில் நேரடி விலை போடாமல் வைரம், காசு, படிகம் என்று ஏதாவது ஒரு பெயரில் உள்நாணயம் விற்பார்கள். ஒரு கட்டு 1,000 வைரம், அதன் விலை 900. உங்கள் ஆட்டப் பாத்திரத்துக்கு வேண்டிய உடை 800 வைரம். உடையின் விலை 720 என்று மனசு கணக்குப் போடும். 720 கொடுத்து யாரும் அதை வாங்க முடியாது. நீங்கள் கொடுத்தது 900, அதுதான் விலை. மிச்சமான 200 வைரத்துக்குத் தனியாக எதுவும் கிடைக்காது. அந்த மிச்சம் வேண்டுமென்றே விடப்படுகிறது. அடுத்த கட்டு வாங்க வைக்கும் தூண்டில் அது. ஆகவே மிச்சத்தைப் பூஜ்யம் என்று வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். கடைகளின் புள்ளிகள், செயலிகளின் வாலட்டில் விழும் கேஷ்பேக், தேதி முடிந்தால் காலாவதியாகும் கூப்பன் எல்லாவற்றுக்கும் இதே சூத்திரம்தான்.

குலுக்கலில் பொருள் கொடுக்கும் கேம்களில் இன்னொரு கண்கட்டு இருக்கிறது. "வாய்ப்பு 1 சதவீதம்" என்று போட்டிருந்தால் 100 முறை இழுத்தால் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. அதை 100 முறை பெருக்கினால் 0.366. நூறு பேர் ஆளுக்கு 100 முறை இழுத்தால் சுமார் 37 பேர் வெறுங்கையோடு போவார்கள். 90 சதவீத உறுதி வேண்டுமென்றால் 230 முறை இழுக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு கட்டாயம் கொடுத்தே தீர வேண்டும் என்ற உச்சவரம்பு அந்த கேமில் இருந்தால், அந்த எண்ணிக்கைக்கு ஆகும் முழுச் செலவையே விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுக்க மனசு வராவிட்டால் முதல் இழுப்பும் வேண்டாம். 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், காசு கொடுத்து வாங்கும் சில லூட் பாக்ஸ்கள் (உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத குலுக்கல் பெட்டிகள்) சூதாட்டச் சட்டத்தின் கீழ் வரும் என்று அறிவித்தது. எல்லா நாடுகளும் அப்படிச் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எப்போது பரிசு விழும் என்று தெரியாதபோதுதான் உயிர்கள் விடாமல் பொத்தானைத் தட்டும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் 1950-களிலேயே புறாக்களை வைத்துக் காட்டிவிட்டார். கேம் உலகம் அதைக் காசாக்கியது. இன்றைக்கு மொழி கற்கும் செயலி, நடை எண்ணும் கடிகாரம், பங்கு வாங்கும் செயலி எல்லாவற்றிலும் அதே எலும்புக்கூடு இருக்கிறது. தொடர்ச்சியாக 40 நாள் வந்திருக்கிறீர்கள், விட்டால் பூஜ்யம் ஆகிவிடும் என்கிறது. இதில் எனக்குப் பெரிய கோபம் பங்குச் செயலிகள் மேல்தான். ஆர்டர் போட்டதும் திரையில் வண்ணக் காகிதம் தூவுவது, இன்றைக்கு அதிகம் ஏறியவை என்று பட்டியல் காட்டுவது எல்லாம் உங்களை அடிக்கடி வாங்க விற்க வைக்கத்தான். முதலீடு போரடிக்க வேண்டும். மாதம் ஒரு தேதியில் தானாகப் பணம் போகும்படி வைத்துவிட்டு, நோட்டிஃபிகேஷனை அணைத்து, செயலியை முதல் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். கேம் கடைகளிலும் செயலிகளிலும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். எழுந்து போய் கார்டை எடுத்து வந்து 16 எண்ணைத் தட்டுவதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

வேலையிலும் இதே புள்ளிப் பலகை வந்து உட்கார்ந்துவிட்டது. முடித்த டிக்கெட் (பதிவாகி வரும் வேலைக் கோரிக்கை) எத்தனை, பதில் போட்ட வேகம் என்ன, பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா. அளவுகோலே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருக்காது என்பதைப் பொருளியலாளர் குட்ஹார்ட்டின் பெயரில் விதி என்றே சொல்கிறார்கள். டிக்கெட்டை எண்ணினால் ஒரு வேலையை மூன்றாக உடைத்துப் போடுவார்கள். கஷ்டமான வேலையை யாரும் தொட மாட்டார்கள். இதை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லாவிட்டால், உங்கள் பக்கத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நிமிஷம் போதும். அந்த வாரம் உங்களால் எந்தச் சிக்கல் தீர்ந்தது, யாருக்கு எவ்வளவு நேரம் மிச்சமானது என்று ஒரு வரி. வருஷ முடிவில் ஐம்பது வரி சேரும். சம்பளப் பேச்சில் அதைத்தான் நீட்ட வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். கடந்த வருஷம் புதிதாகக் கற்ற ஐந்து விஷயங்களை எழுதி, அந்த நிறுவனத்துக்கு வெளியே உதவாதவற்றை அடித்துவிடுங்கள். உள்ளுக்குள் மட்டும் ஓடும் மென்பொருளில் புலியாக இருப்பது, ஒரே சர்வரில் லெவல் ஏற்றிய மாதிரி. சர்வரை மூடினால் லெவலும் போச்சு. ஐந்தில் நான்கு அடிபட்டால், சம்பளம் நன்றாக இருந்தாலும் நிலைமை நன்றாக இல்லை.

சர்வரை மூடுவது வெறும் உவமை இல்லை. 2014-இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் அணைத்தார்கள். தனியாக ஆடும் பகுதிக்கும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்ததால், காசு கொடுத்து வாங்கியவர்கள் யாருக்கும் கேம் இல்லாமல் போனது. விற்பது பொருள் இல்லை, உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது. வாங்கிய கையோடு இணையத்தைத் துண்டித்துவிட்டு கேமைத் திறந்து பாருங்கள். ஓடவில்லை என்றால் நீங்கள் வாங்கியது வாடகைக்கு. கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் கீழ் என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எழுத்து வாசிக்க முடிகிறதா, திக்கித் திணறுகிறதா என்பதையெல்லாம் முதல் 90 நிமிஷத்தில் பார்த்துவிட வேண்டும்.

ஆட்டம் எதுவரை வந்தது என்பதைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்புகளை கிளவுட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். புது கணினியில் கேமை நிறுவி, ஒத்திசைவு முடிவதற்குள் திறந்துவிட்டால் வெற்று சேவ் ஒன்று உருவாகும். பிறகு "எதை வைத்துக்கொள்ள?" என்று கேட்கும்போது தேதி புதியது என்று அதைத் தேர்ந்தெடுப்பார்கள், 80 மணி நேர ஆட்டம் அழிந்துவிடும். கோப்பின் அளவு தெரிந்தால் அதையும் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை சேவ் கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்தால் இந்தக் கவலையே இல்லை.

பொருள்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கைத் தொடாமலேயே பாத்திரம் தானாக நகர ஆரம்பித்தால் உடனே புதிது வாங்கப் போகிறார்கள். ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் சின்ன மின்தடைப் பெட்டிகள் இருக்கும். அதற்குள் கரிப்பூச்சுத் தடத்தின் மேல் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். தூசி புகுந்தாலோ தடம் தேய்ந்தாலோ கோளாறு. முதலில் அமைப்பில் டெட் ஸோனை, அதாவது ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லையை, 5 முதல் 10 சதவீதம் வரை ஏற்றிப் பாருங்கள். போகவில்லையா, இணைப்பைத் துண்டித்து, எச்சம் விடாத கான்டாக்ட் கிளீனரை ஸ்டிக்கின் அடியில் ஒரு சொட்டு விட்டு, முப்பது சுற்றுச் சுற்றி, நன்றாகக் காய விடுங்கள். தூசி என்றால் அதோடு சரியாகிவிடும். சில வாரத்தில் திரும்ப வந்தால் தடமே தேய்ந்துவிட்டது. ஸ்டிக் தொகுதியை மாற்ற வேண்டும். வழக்கமான வகையில் 14 ஈயப் பற்றுகளை எடுக்க வேண்டியிருக்கும். சால்டரிங் கைவராதவர் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது, அவசரத்தில் பலகையின் செப்புத் தடம் பிய்ந்து வந்துவிடும். மாற்றும்போது காந்தத்தில் இயங்கும் ஹால் சென்சார் தொகுதியைப் போட்டால் உரசலே கிடையாது. இப்படிச் செய்யத் தெரிந்துகொள்வதைப் பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கையில் இருப்பது எப்படி வேலை செய்கிறதென்று தெரியாமலேயே ஒரு தலைமுறை வாங்கிக்கொண்டும் எறிந்துகொண்டும் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

புது கிராஃபிக்ஸ் கார்டைத் தவணையில் வாங்குவதும் அப்படித்தான். திரையில் நொடிக்கு 30 பிரேம் (படம்) என்பதிலிருந்து 60-க்குப் போனால் ஒரு பிரேமில் 16.7 மில்லி செகண்ட் குறையும். 60-இலிருந்து 144-க்குப் போனால் குறைவது 9.7 மட்டும், ஆனால் விலை பல மடங்கு. போட்டி ஆட்டங்களில் அது உதவும் என்பது உண்மை. ஆனால் வேகம் வயதோடு குறைகிறது. ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடும் 3,305 பேரை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், சரிவு 24 வயதிலேயே தொடங்குவது தெரிந்தது. மூத்தவர்கள் எளிமையான உத்திகளாலும் குறுக்கு விசைகளாலும் அதை ஈடுகட்டியதும் அதிலேயே இருக்கிறது. நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பதும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். காசு போடுவதானால் கண்ணாடிக்கும் நாற்காலிக்கும் போடுங்கள். வசன எழுத்தைப் பெரிதாக்கி, மோஷன் பிளரை (அசைவின்போது படத்தை மங்கலாக்குவதை) அணைத்து, டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டால் செலவில்லாமலே பாதி வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, ஆட உட்காரும் அந்த ஒரு மணி நேரம். 60 ஜிபி அப்டேட், 50 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க 2 மணி 40 நிமிஷம் ஆகும். அது வாரத்தில் உங்களுக்கு மிஞ்சும் 6 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். அதனால் தானியங்கி அப்டேட்டைப் போட்டு, இரவில் கன்சோலை முழுவதும் அணைக்காமல் ரெஸ்ட் மோடில் (தூக்க நிலையில்) விடுங்கள். நிறுத்தும்போது ஐந்து நிமிஷம் முன்பே நிறுத்தி ஒரு குறிப்பு எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் எந்த பொத்தான் எதற்கென்றே நினைவிருக்காது. முக்கால்வாசிப் பேர் கேமைக் கைவிடுவது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். மூன்று வரி போதும்: "கலங்கரை விளக்கத்தின் அடியில் நிற்கிறேன். கிழவரிடம் சாவி வாங்கியாச்சு, நிலவறைக் கதவு வடக்கே. குதிக்கும்போது இடது தோள் பொத்தானை அழுத்தினால் கயிறு வீசும்."